பூனைக்குத் துக்கம் கேட்பவர் யார்?

ஒரு மனிதர் காலமாகிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று நாம் யோசித்துத் தவிக்க வேண்டியதில்லை. முதலில் யாருக்குச் சொல்லி அனுப்புவது, தீட்டு யார் யாருக்கு எத்தனை நாள், பால் தெளிப்பது எப்போது, பத்தாம் நாளுக்கு வரவேண்டியவர் யார், துக்கம் கேட்க வருகிறவர் வாயைத் திறவாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கலாம், எழுந்து போகும்போது 'போய் வருகிறேன்' என்று சொல்லலாகாது என்பது வரையில் எல்லாவற்றையும் முன்னோர் நமக்காகத் தீர்மானம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவையெல்லாம் வெறும் சடங்குகள் என்று பரிகாசம் செய்கிற புத்திமான்கள் உண்டு. ஆனால் சித்தம் கலங்கி, பகல் எது இரவு எது என்று தெரியாமல் நிற்கிற ஒருவனை, அடுத்த நாழிகையில் செய்யவேண்டிய காரியத்தைச் சொல்லிக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவதற்கு அந்தச் சடங்குகளைக் காட்டிலும் சிறந்த உபாயத்தை எந்த மனோதத்துவ நிபுணரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

வீட்டில் வளர்ந்த ஒரு பூனை இறந்துபோகும்போதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரிகிறது. ஏனென்றால் அதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. தீட்டு இல்லை, தலைமுழுக்கு இல்லை, அடுப்பை அணைத்து வைப்பதில்லை. சென்ற ஐப்பசியில் எங்கள் கோமளம் இறந்த அன்று, அலுவலகத்துக்கு விடுமுறை கேட்டு எழுத உட்கார்ந்த என் மகள், 'காரணம்' என்று கேட்டிருந்த இடத்துக்கு எதிரே நெடுநேரம் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, கடைசியில் 'காய்ச்சல்' என்று போட்டு அனுப்பினாள். பூனை இறந்தது என்று எழுதினால் மேலதிகாரி சிரிப்பாரோ என்பதல்ல அவள் பயம். எதிரில் அனுதாபம் சொல்லிவிட்டு, மறுநாள் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாரோ என்பதுதான். கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-இல் தொகுத்து வெளியிட்ட ஒரு நூல் இப்படிப்பட்ட துக்கங்களைத் தனி வகையாகவே பிரித்து ஆராய்கிறது. கலைந்துபோன கர்ப்பம், விவாகரத்துக்குப் பின் காலமான முன்னாள் கணவன், ஊரறியாமல் நேசித்த ஒருவர், வளர்ப்புப் பிராணி என்று, இழந்தவன் இழந்தவனாகவே இருக்க, அவன் அழுவதற்கு உரிமையில்லை என்று சமூகம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் துக்கங்கள் அவை. துக்கம் சிறியதாக இருப்பதனால் அல்ல, அதை வைப்பதற்கு இடமில்லாமற் போவதனாலேயே அது நாள்பட்டு உள்ளே தங்கிவிடுகிறது.

கோமளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்து இரவு ஒன்றில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், யாருடைய ஸ்கூட்டரின் மேலோ போர்த்தியிருந்த உறைக்குள்ளிருந்து, உடம்புக்குச் சிறிதும் பொருந்தாத பெரிய குரலோடு அது எங்களிடம் வந்து சேர்ந்தது. பெயர் வைத்தவள் என் மனைவி. அவளுடைய பாட்டியின் பெயர் அது. எதிர் வீட்டில், மேற்கு மாம்பலத்தில் இன்னும் மிஞ்சியிருக்கும் சொற்பமான பழைய வீடுகளில் ஒன்றில், எண்பதைத் தாண்டிய கோமளம் மாமி ஒருவர் வசிக்கிறார் என்பது தெரிந்திருந்தும், வேறு எந்தப் பெயரும் அவளுக்கு வாயில் வரவில்லை. விளைவு எப்படியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அந்தி வேளையில் மாடியிலிருந்து, "கோமளம், எங்கடி தொலைஞ்சே? சாப்பிட வா!" என்று என் மனைவி குரல் கொடுப்பாள், எதிர் வீட்டு ஜன்னல் திறக்கும், "என்னையா கூப்பிட்டே?" என்று மாமி கேட்பார். முதலில் சில நாள் எங்களுக்கு இருந்த சங்கோசம் மாமிக்கு இருக்கவில்லை. பிறகு அவரே பூனையைக் குறித்து விசாரிக்கும்போதெல்லாம் 'என் பேர்க்காரி' என்றுதான் சொல்லுவார்.

பூனைகளின் சுபாவத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் இந்தக் கட்டுரை முடிவடையாது. தன்னைக் கொஞ்ச விரும்புகிறவர்களை விட்டு விலகி, பூனை என்றாலே முகம் சுளிக்கும் விருந்தாளியின் மடியைத் தேடிப்போய் உட்காருவது, நாளிதழில் நாம் படித்துக்கொண்டிருக்கும் பத்தி எதுவோ சரியாக அதன்மேல் படுப்பது, விடியற்காலையில் நகத்தை உள்ளிழுத்துக்கொண்ட பாதத்தால் நம் கண்ணிமையை மிருதுவாகத் தொட்டு எழுப்புவது ஆகிய கலைகளில் கோமளம் தேர்ந்திருந்தது. எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஆயினும் பூனைக்குப் பாலும் தயிர்சாதமும் போதும் என்று நினைப்பது தவறு. டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். அது கிடைக்காத பூனைக்குக் கண் மங்கி, இருதயம் தளர்ந்துவிடும். ஆகையால் என் மகள் பின்கட்டு பால்கனியில் தனி அடுப்பு ஒன்றை ஸ்தாபித்து, மத்தி மீன் வாங்கி வேகவைத்து, சைவத்துக்குப் பங்கமில்லாமல் ஒரு அசைவ ஜீவனைப் பல வருஷங்கள் போஷித்து வந்தாள்.

அந்த ஜீவன் திடீரென்று குளியலறை வாளியில் தலையை விட்டு ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. பூனை இயல்பில் அதிகம் தண்ணீர் குடிக்கும் பிராணி அல்ல. வயது சென்ற பூனை வாளி வாளியாய்த் தேடித் திரிந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்திருப்பதாகப் பரிசோதனை காட்டும்போது, சிறுநீரகங்கள் தம் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கை இழந்துவிட்டிருக்கும். அதுவரையில் அந்தப் பிராணி தன் நோயை வெளியே காட்டிக்கொள்வதில்லை. தனியே வேட்டையாடி, தானும் பெரிய மிருகங்களுக்கு இரையாகக் கூடிய ஜாதி அது. பலவீனத்தைக் காட்டினால் காட்டில் பிழைக்க முடியாது என்ற பழைய பாடத்தை வீட்டுச் சோபாவில் படுத்திருக்கும்போதும் அது மறப்பதில்லை. உடம்பு இளைத்தது, வாயில் ஒரு துர்நாற்றம் வந்தது, கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கிப் பிடித்து, ஊசி வழியாகச் சலைன் ஏற்றுகிற வேலையை என் மகள் கற்றுக்கொண்டாள். சில மாதங்கள் அதன் பேரில் ஓடின. கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினால் அது வியாதியின் கடைசிப் படி. அந்தப் படியையும் கோமளம் கடந்தது; உணவை முகர்ந்து பார்ப்பதையும் விட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது.

"இனிமே இது அதுக்கு அவஸ்தைதான் சார். நீங்க சொன்னா ஊசி போட்டுடலாம்," என்று மருத்துவர் சொன்னார்.

நீங்கள் சொன்னால்! மனிதரின் மரணத்துக்கும் வளர்ப்புப் பிராணியின் மரணத்துக்கும் உள்ள பெரிய பேதம் இந்த இரண்டு வார்த்தைகளில் அடங்கியிருக்கிறது. தாய் தந்தையர் இறக்கும்போது நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். காலனோ கடவுளோ விதியோ, யாரோ ஒருவர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு அழுகிறோம். பூனையின் விஷயத்தில் நாளையும் வேளையையும் நாமே குறிக்க வேண்டியிருக்கிறது. அதன் அபிப்பிராயத்தைக் கேட்க வழியில்லை. அது வாய் திறந்து, 'போதும்' என்றோ 'இன்னும் கொஞ்ச நாள்' என்றோ சொல்வதில்லை.

1928-ஆம் வருஷம் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி அங்கஹீனப்பட்டுத் தீராத வேதனையில் துடித்துக் கிடந்தது. பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் கைவிட்டபின், ஆசிரமத்தாரோடு கலந்து யோசித்து, விஷ ஊசியால் அதன் வேதனையை முடித்துவிடக் காந்தியடிகள் சம்மதித்தார். அஹிம்சையைப் போதித்தவரே ஒரு கன்றைக் கொல்லச் சம்மதித்தார் என்று அகமதாபாத்தில் பெரிய கொந்தளிப்பு உண்டாயிற்று. வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் ஒளித்து மறைக்கவில்லை. தம் பத்திரிகையில் நடந்ததை நடந்தபடி எழுதி, தம் குழந்தை ஒன்று அந்த நிலையில் இருந்து, வேறு சிகிச்சையும் இல்லாவிட்டால் அதற்கும் அதையே செய்யத் தாம் கடமைப்பட்டிருக்கக் கூடும் என்ற அளவுக்கு வாதித்தார். எங்கள் வீட்டில் அன்றிரவு நடந்த விவாதத்தில் இந்தக் கன்றுக்குட்டியும் வந்தது. என் மனைவி, 'பூனையைக் கொன்ற பாவம் பொல்லாதது' என்று தன் பாட்டி சொல்லக் கேட்டிருந்தவள். நான் கன்றுக்குட்டியின் கதையைச் சொன்னேன். என் மகள் ஒன்றும் சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில போகலாம்பா," என்றாள்.

முதலில் ஒரு மயக்க ஊசி. அது நன்றாகத் தூங்கிய பிறகு, அளவுக்கு மீறிய மயக்க மருந்து இரத்தக் குழாயில். சில நிமிஷங்களில் இருதயம் நின்றுவிடுகிறது. இறந்த பூனையின் கண் மூடுவதில்லை. அதை முன்கூட்டியே சொல்லி வைக்கும் மருத்துவர் புண்ணியவான். எங்கள் மருத்துவர் சொல்லி வைத்தார்.

நாங்கள் செய்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் சரியான காரியத்தைச் செய்தவனை அந்தக் காரியம் நிம்மதியாகத் தூங்க விட்டுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு மனம் ஒரு வக்கீலாக மாறி, ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே என்று ஒரு கட்சியும், ஒரு வாரம் முந்தியிருந்தால் அந்தக் கடைசி நாட்களின் அவஸ்தை மிச்சமாயிருக்குமே என்று எதிர்க்கட்சியும் தானே பேசிக்கொள்ளும். இந்த வழக்குக்கு ஒரு பரிகாரம் என் மகளின் நோட்டுப் புத்தகத்தில் கிடைத்தது. நோய் கண்ட நாள் முதல், இன்று இவ்வளவு தின்றது, இவ்வளவு எடை, மருத்துவர் இன்னது சொன்னார் என்று அவள் அன்றன்றைக்கு எழுதி வந்திருந்தாள். அதைத் திறந்து வரிசையாகப் படித்தபோது, அந்தந்த நாளில் எங்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவைக் கொண்டுதான் அந்தந்த நாளின் தீர்மானத்தைச் செய்தோம் என்பது கறுப்பு மசியில் தெரிந்தது. பின்னால் தெரிந்துகொண்டதை முன்னால் தெரிந்திருந்ததாகப் பாவித்துத் தன்னைத் தண்டித்துக்கொள்வதுதான் இந்தத் துக்கத்தின் பிரதான உபத்திரவம். வீட்டில் நோயாளிப் பிராணி வைத்திருப்பவர்கள் அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டால் சிகிச்சைக்கும் உதவும், பிற்பாடு வரும் இரவுகளுக்கும் உதவும்.

மருத்துவரிடமிருந்து துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பியபோதுதான், இனி எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. அடுக்குமாடியில் எங்களுக்குச் சொந்தமாக உள்ளது அந்தரத்தில் இருக்கிற ஆயிரம் சதுர அடி; குழி தோண்ட ஒரு சாண் மண் கிடையாது. கீழே கட்டடத்தைச் சுற்றிப் பூந்தொட்டிகள் வைத்திருக்கும் இடத்தைக் கேட்டதற்குக் குடியிருப்போர் சங்கத்தில், 'அதெல்லாம் சரிப்படாது' என்றார்கள். நாங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். அப்போது எதிர் வீட்டு வாசற்கதவு திறந்து, கோமளம் மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"என் பேர்க்காரி போயிட்டாளாமே?" என்றார். துணி மூட்டையை ஒரு முறை பார்த்தார். "எப்போ போனா? ரொம்ப அவஸ்தைப்பட்டாளா?" என்று கேட்டார். என் மனைவி நடந்ததைச் சொன்னாள். ஊசி போட்டதையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாமி அதற்கு ஒன்றும் தீர்ப்புக் கூறவில்லை. "பக்கத்துல இருந்தேளோல்லியோ? அது போறும்," என்றார். பிறகு, "எங்க கொல்லையிலே பவழமல்லிக்குப் பக்கத்திலே இடம் இருக்கு. என் பேர் வெச்சுண்டவளுக்கு நான் இடம் குடுக்கலேன்னா யார் குடுப்பா?" என்றார்.

மூன்றடிக்குக் குறையாமல் தோண்ட வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆழமில்லாவிட்டால் தெருநாய்கள் கிளறிவிடும் என்பது ஒன்று, ஊசி மருந்து உடம்பில் தங்கியிருப்பதால் அதைத் தின்னும் பிராணிக்கும் ஆபத்து என்பது மற்றொன்று. குழி வெட்ட ஆள் கிடைத்தான். அன்று பகல் மாமி ஒரு தூக்கில் ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும் கொடுத்தனுப்பினார். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள், அண்டை வீட்டார் சோறு கொண்டுபோக வேண்டும் என்ற சம்பிரதாயத்தை அவர் ஒரு பூனைக்காக அனுஷ்டித்தார். நாங்கள் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதோம். மறுநாளிலிருந்து என் மகள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

மற்றவர்கள் வந்து சொன்ன ஆறுதல்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 'பூனைதானே' என்றவர் ஒருவர். 'இப்போது சுதந்திரமாக வெளியூர் போகலாம்' என்றவர் ஒருவர். நாயாக இருந்திருந்தால் இவர்களே சற்று நிதானித்துப் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம். நம் நாட்டில் நாயின் கீர்த்தி பெரிது. சுவர்க்கத்து வாசலில் ஒரு நாயை விட்டு உள்ளே நுழைய மறுத்தவன் தருமபுத்திரன். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயின் உருவத்தையும் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரோடு கல் நட்ட ஊர் இது. பூனையோ, கள்ளன் வந்தால் பரண்மேல் ஏறிக்கொள்ளும். அதற்கு யார் கல் நடுவார்கள்? அதே பல்லவர் காலத்துச் சிற்பிகள் மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பூனையைச் செதுக்கியிருக்கிறார்கள், ஆனால் எப்படி? பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களை உயரத் தூக்கி, எலிகள் நம்பி அருகில் வரும் வரையில் தவம் செய்கிற கபட சந்நியாசியாக. பாரதத்தில் உத்தியோக பருவத்திலும் அதே வேஷதாரிப் பூனை கங்கைக்கரையில் நிற்கிறது. குட்டியைத் தாய்ப்பூனை தானே கவ்விக்கொண்டு போவதைச் சரணாகதிக்கு உதாரணமாகக் காட்டி, மார்ஜார நியாயம் என்று தென்கலை வைஷ்ணவர் அதற்கு ஒரு கௌரவத்தைத் தந்திருக்கிறார்கள். அது ஒன்றுதான் ஆறுதல். மற்றப்படி நன்றியில்லாதது, திருடித் தின்பது, குறுக்கே வந்தால் காரியத்தைக் கெடுப்பது என்ற அபவாதங்களைச் சுமந்த ஒரு பிராணிக்காக அழுகிறவன், தன் துக்கத்தோடு அதன் வழக்கையும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கிறது.

வேதாந்தம் படித்த என் உறவினர் ஒருவர் ஜடபரதர் கதையைச் சொன்னார். பாகவதம் ஐந்தாம் ஸ்கந்தத்தில் வரும் அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜ்யத்தைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துகொண்டிருந்த பரத மகாராஜா, சிங்கத்தின் கர்ஜனைக்கு அஞ்சி ஆற்றைத் தாண்டிய பெண்மான் ஈன்றுவிட்டு இறந்துபோக, நீரில் தத்தளித்த அதன் குட்டியை எடுத்து வளர்த்து, ஜபமும் நியமமும் ஒவ்வொன்றாக நழுவ, சாகும் தறுவாயிலும் அதையே நினைத்து, மறுபிறவியில் மானாகவே பிறந்தார். 'ஆகையால் பற்று வைக்கலாகாது' என்று உறவினர் முடித்தார். அவர் போன பிறகு அந்தப் பகுதியை எடுத்து நிதானமாகப் படித்துப் பார்த்தேன். மான்குட்டியின் விளையாட்டையும், அது சிறிது நேரம் கண்ணில் படாவிட்டால் அரசர் படும் வியாகூலத்தையும், அவர் தமக்குத் தாமே புலம்புவதையும் அந்த நூலாசிரியர் வர்ணித்திருக்கும் அழகைப் பார்த்தால், பற்றை நிந்திக்க உட்கார்ந்தவர் பற்றில் நன்றாக அநுபவப்பட்டவர் என்றுதான் தோன்றுகிறது. மேலும் பரதர் கடமை தவறியது மான் உயிரோடு இருந்தபோது. அது இறந்ததற்கு அழுததாகக் கதையில் ஓரிடத்திலும் இல்லை. பற்றை முற்றிலும் அறுத்தவர் என்று நாடு போற்றிய ரமண மகரிஷியின் ஆசிரமத்துக்குப் போனால், லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளை அருகருகே இன்றும் பார்க்கலாம். 1948 ஜூன் 18 அன்று லட்சுமி இறந்தது. அன்று காலையில் மகரிஷி தொழுவத்தில் அதன் அருகே தரையில் அமர்ந்து, தலையைத் தம் கைகளில் தாங்கிக்கொண்டிருந்தார்; பிறகு ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம் குறித்து, அது விமுக்தி அடைந்ததாகத் தாமே ஒரு செய்யுளும் இயற்றினார். உறவினருக்கு இதைக் கடிதமாக எழுதினேன். பதில் வரவில்லை.

பூனையை உரிய மரியாதையோடு அனுப்பி வைத்தவர்கள் பிற தேசங்களில் உண்டு. பழைய எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டார் எல்லாரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க சரித்திராசிரியர் ஹிரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அப்படி அழுது பதனம் செய்து புதைத்த பூனைகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டியெடுத்து, கப்பலில் லிவர்பூலுக்குக் கொண்டுபோய் டன் கணக்கில் உரமாக விற்றார்கள் என்பது நாகரிகத்தின் முன்னேற்றம். எனக்குப் பிடித்தவர் ஜப்பானிய நாவலாசிரியர் நத்சுமே சோசெகி. பெயரே வைக்கப்படாத ஒரு பூனையின் வாயிலாக மனிதரைக் கேலி செய்து புகழ்பெற்ற நாவலை அவர் எழுதக் காரணமாயிருந்த அந்தப் பூனை 1908 செப்டம்பரில் இறந்தது. கறுப்புக் கரை போட்ட தபாலட்டைகளில் நண்பர்களுக்கு மரணச் செய்தியை அறிவித்து, எஜமானர் 'சான்ஷிரோ' என்ற நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் இறுதிச் சடங்குக்கு யாரும் வர வேண்டியதில்லை என்றும் சேர்த்துவிட்டார். இதில் வேடிக்கை பாதி, ஆனால் பாதிதான். பின்னர் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், அந்தப் பூனை நோயுற்றுக் கிடந்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பதையும், இறந்த பிறகே மனைவி பரபரப்படைந்ததையும், மாதந்தோறும் அது இறந்த நாளில் ஒரு துண்டுச் சால்மன் மீனும் மீன்துருவல் தூவிய ஒரு கிண்ணம் சோறும் அவள் கல்லறைமுன் படைத்ததையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே செய்தாலும் ஒரு முறைமை முறைமைதான்.

சடங்கு முடிந்தாலும் புலன்கள் அதை ஒப்புக்கொள்வதற்குக் காலம் பிடிக்கிறது. கதவைத் திறக்கும்போது கால் தானாகவே குறுக்கே வைத்து வழியை மறிக்கும். நாளிதழை விரித்தால் கை அதன் ஓரத்தைத் தாங்கிப் பிடிக்கும். பின்னிரவில் சமையலறையில் பாத்திரம் நகர்வது காதில் தெளிவாக விழும். இதைப் பிரமை என்று பயப்பட வேண்டியதில்லை. 1971-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற வைத்தியர், மனைவியையோ கணவனையோ இழந்த ஏறக்குறைய முந்நூறு பேரை விசாரித்தபோது, அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைந்தவர்கள், இறந்தவரைக் கண்டோ கேட்டோ அருகில் உணர்ந்தோ இருக்கிறோம் என்று சொன்னார்கள். பலர் அதுவரையில் அதை யாரிடமும் சொன்னதே இல்லை. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, ஒன்றுக்குப்பின் ஒன்றாக ஏறிக் கடந்துவிடலாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அந்த ஐந்தையும் எழுதியது, சாகப்போகும் நோயாளிகளோடு பேசிக் கண்டவற்றை வைத்து. பின்னால் தங்கி அழுகிறவர்களைக் குறித்து அல்ல. ஆகையால் இரண்டாம் படியில் நிற்கிறோமா நான்காம் படியிலா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டில் இன்னொரு ஜீவனுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. என் பேரனுக்கு ஐந்து வயது. 'கோமளம் தூங்குகிறது' என்றோ, 'ஊருக்குப் போயிருக்கிறது' என்றோ சொல்லிவிடலாம் என்று என் மனைவி நினைத்தாள், மகள் இணங்கவில்லை. தூக்கம் என்று சொன்னால் குழந்தை தூங்கப் பயப்படும், ஊர் என்று சொன்னால் திரும்பி வருகிற நாளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். செத்துப்போய்விட்டது, இனி வராது, மண்ணில் வைத்திருக்கிறோம் என்று அவள் சொன்னாள். பையன் கேட்டுக்கொண்டான். ஆனால் ஊசி விஷயம் எப்படியோ அவன் காதில் விழுந்திருந்தது. "தாத்தா, எனக்குக் காய்ச்சல் வந்தா எனக்கும் ஊசி போட்டுச் சாக வெச்சிடுவாங்களா?" என்று இரவில் என்னிடம் கேட்டான். குழந்தைக்குப் போடும் ஊசி குணமாக்குகிற ஊசி, அது வேறு மருந்து, டாக்டரும் வேறு டாக்டர் என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு நெடுநேரம் ஆயிற்று. இந்த விஷயத்தில் குழந்தைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

மிச்சமிருந்த சலைன் புட்டிகளையும் மருந்துகளையும், அதே வியாதியோடு பூனை வைத்திருந்த ஒரு அம்மாளுக்குக் கொடுத்தோம். கிண்ணத்தையும் மணல் தட்டையும் எப்போது எடுத்து வைப்பது என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. அவரவர் இஷ்டம்போல் ஒவ்வொன்றாக நகர்ந்தது, யாரும் யாரையும் கேட்கவில்லை. மருமகன் முறையில் ஒரு பையன், அன்பு மிகுதியினால், பாரசீகக் குட்டி ஒன்றை வாங்கித் தருவதாகச் சொன்னான், வேண்டாம் என்றோம். ஒரு பூனை போன இடத்தில் உடனே இன்னொன்றை வைத்தால், வருகிற குட்டி இறந்ததைப்போல் இல்லை என்ற குற்றத்துக்காகவே பல மாதம் தண்டனை அநுபவிக்கும். அது அதற்கு நியாயமல்ல. காலம் வந்தால் ஸ்கூட்டர் உறைக்குள்ளிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் தூக்கமும் ஆகாரமும் இல்லாமல், வேலையில் மனம் செல்லாமல் இருப்பவர்கள் மட்டும் வெட்கப்படாமல் ஒரு வைத்தியரைப் பார்ப்பது அவசியம்; இறந்தது பூனை என்பதால் நோய் பாதியாகிவிடாது.

உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ ஒருவர் வளர்த்த பூனை இறந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் அதன் பெயர் என்ன, எப்போது போயிற்று, ரொம்ப அவஸ்தைப்பட்டதா என்று கோமளம் மாமி கேட்டதையே கேளுங்கள். முடிந்தால் கொஞ்சம் ரசஞ்சாதம் கொண்டு போங்கள். வேறு பூனை வாங்கிக்கொள்வதைப் பற்றி மட்டும் தயவுசெய்து பேசாதீர்கள்.